அந்தத் துளையை அடைக்காதே!

“இது வாட்டர் கூலிங் வண்டிங்க. இதுல நாங்க கை வைக்கிறதில்ல. வேலூருக்கோ மெட்ராசுக்கோ கொண்டு போயிடுங்க.”

திருவண்ணாமலையில் செங்கம் ரோடு, போளூர் ரோடு, அவலூர்ப்பேட்டை ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பட்டறையில் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பேசுகிறவனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். ஸ்பிளெண்டர் எஞ்சினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவான். எக்ஸ்எல் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்வான். அப்பேர்ப்பட்ட கை ஒரு ரேடியேட்டரைப் பார்த்ததும் பின்வாங்குகிறது!

தம்பி, எனக்கு இது பொறுக்கவில்லை. உன் கை தோற்கவே இல்லை. அது களத்தில் இறங்குவதற்கு முன்பே உன் வாய் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டது. உன்னைப் பயமுறுத்திய பொருள் என்ன தெரியுமா? இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும் ஒரு சீல். சில நூறு ரூபாய் விலை. அதற்காகவா நல்ல வேலையை 80, 90 கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிட்டு, மறுபடியும் பஞ்சர் ஒட்ட உட்காருகிறாய்?

இந்த வண்டிகள் ஒன்றும் நேற்று இறங்கியவை இல்லை. யமஹா ஆர்15 இந்தியாவில் வந்தது 2008ல். 150 சிசி வண்டிக்கு ரேடியேட்டரா என்று எல்லோரும் குனிந்து பார்த்த காலம் அது. 2011ல் ஹோண்டா சிபிஆர்250ஆர் வந்தது. 2012ல் டியூக் 200, பல்சர் 200 என்எஸ். அன்றைக்குக் கனவாக இருந்த வண்டிகள் இரண்டு கை, மூன்று கை மாறி இன்று நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இருக்கின்றன. முதலில் வந்தவை ஆர்.சி. புதுப்பிக்கிற 15 வருடத்தையும் தாண்டிவிட்டன. சீலின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், கார்பன் தேய்ந்திருக்கும். இனிமேல் வருடாவருடம் இந்த வேலை கூடிக்கொண்டேதான் போகும். அந்த வேலைக்கு ஆள் வேண்டும். நீ இருக்கிறாய்!

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். பயத்தில் பாதி அங்கேயே செத்துப்போகும். சிலிண்டரைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது, காற்றில் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அதைத் தள்ளி ஓட்டுவது வாட்டர் பம்ப். பம்புக்குள் ஒரு சின்ன இம்பெல்லர், அதைச் சுற்ற ஒரு ஷாஃப்ட். அந்த ஷாஃப்டின் ஒரு முனை எஞ்சின் ஆயிலில் இருக்கிறது, மறுமுனை கூலன்டில். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இந்த இரண்டும் கலக்கக் கூடாது. ஆயில் பக்கத்தைக் காக்க ஓர் ஆயில் சீல். கூலன்ட் பக்கத்தைக் காக்க மெக்கானிக்கல் சீல்: ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் முகத்தோடு முகம் உரசிக்கொண்டே தண்ணீரைத் தடுத்து நிற்கின்றன. அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத கூலன்ட் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தில்தான் அவை உயிர் வாழ்கின்றன. கூலன்ட் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் காய்ந்து கருகிவிடும்.

இரண்டு சீலுக்கும் இடையே கொஞ்சம் காலி இடம் உண்டு. அந்த இடத்திலிருந்து பம்பின் அடிப்பக்கமாக வெளியே வரும் ஒரு சின்னத் துளை உண்டு. என்னைக் கேட்டால், இந்த எஞ்சினிலேயே மிக மதிக்கத்தக்க இடம் அதுதான். வடிவமைத்தவன் வேண்டுமென்றே விட்டுவைத்த துளை அது. கூலன்ட் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. எந்த ஸ்கேனரும் வேண்டாம், எந்த லேப்டாப்பும் வேண்டாம். விரலால் தொட்டுப் பார், எது வருகிறது என்று தெரிந்துவிடும். ரிசர்வ் டேங்கில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா? டியூப், கிளாம்ப் எல்லாம் காய்ந்திருக்கின்றனவா? அப்படியானால் குனிந்து அந்தத் துளையைப் பார். காய்ந்த கூலன்ட் பச்சையாகவோ ரோஸாகவோ அதைச் சுற்றிப் படிந்து நிற்கும்.

இப்போது கோபத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் துளையில் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு, “லீக்கு நின்னுடுச்சு” என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லீக் நிற்காது, தம்பி! வெளியே வர வழியில்லாத கூலன்ட் ஆயில் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் இறங்கும். சில நாளில் ஆயில் பால் ஊற்றிய காபி போல வெளுத்துவிடும். அந்த ஆயிலுக்கு வழுவழுப்பு இருக்காது. பேரிங் அடிபடும், கிளட்ச் பிளேட் கெடும், கடைசியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் வந்து நிற்கும். சொட்டுவதை மறைத்தவன் எஞ்சினையும் கெடுத்தான், தன்னை நம்பி வண்டி விட்டவனையும் கெடுத்தான்.

உன் மனதிலும் அப்படியொரு துளை இருக்கிறது. “இது எனக்குத் தெரியவில்லை” என்று சொட்டுச் சொட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கும் இடம் அது. அதை வீராப்புப் பேசி அடைக்காதே. “நம்மால ஆகாது” என்று சொல்லியும் அடைக்காதே. தெரியவில்லை என்று தெரிந்த இடத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. ஒழுக விடு, பார், எது குறைகிறது என்று கண்டுபிடி, அதை மாற்று. நான் நம்புகிற தன்னம்பிக்கை இந்த ஒன்றுதான். கண்ணாடி முன் நின்று “நான் ஜெயிப்பேன்” என்று நூறு தடவை சொல்கிறவனைவிட, ஒரே ஒரு சீலைச் சரியாக உட்கார வைத்தவன் நிமிர்ந்து நடப்பான். அவனிடம் சாட்சி இருக்கிறது!

சாட்சி வேண்டுமா? கோவைப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. ஏட்டுப் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோனது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்லாமல், மனிதன் மிதிக்காமல் ஒரு வண்டி ஓடுகிறது! ‘இதெல்லாம் துரைமார் சமாச்சாரம்’ என்று திரும்பிப் போயிருக்கலாம். அவர் கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை எடுத்து, பரிமாறி, காசு சேர்த்தார். மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் போகவில்லை, அதை முழுசாகப் பிரித்துப் போட்டார். மறுபடியும் பூட்டினார். மெக்கானிக் ஆனார். 1920ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். பஸ் நிறுவனம். சொல்லிக்கொடுக்க ஐடிஐ கிடையாது, பார்த்துப் படிக்க வீடியோ கிடையாது, கேட்க ஆள் கிடையாது. உனக்கு இவை எல்லாமே இருக்கின்றன. பாக்கெட்டில் இருக்கும் போனில் உன் வண்டியின் சர்வீஸ் மேனுவலைத் தேடு. படம் படமாகப் போட்டிருப்பான். ஆங்கிலம் வராது என்கிறாயா? பேரிங்குக்கும் சர்க்ளிப்புக்கும் உனக்கு அர்த்தம் சொல்ல வேண்டுமா என்ன?

சரி, எழுந்திரு. வேலையைத் தொடங்குவோம்.

எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். இதில் தைரியம் காட்டாதே. ரேடியேட்டர் மூடி உள்ளிருக்கும் கூலன்டை அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு டிரெயின் போல்ட்டைக் கழற்று, கீழே தட்டு வை, சொட்டு விடாமல் பிடி. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கடுமையான விஷமும்கூட. நாய் நக்கினால் செத்துப்போகும். கிரிவலப் பாதை நெடுக வாயில்லா ஜீவன்கள் படுத்திருக்கும் ஊர் இது. பட்டறை வாசலில் கொட்டிவிட்டுப் போகாதே. மூடியுள்ள கேனில் எடுத்து வை.

அடுத்தது கவர். பம்ப் எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் எஞ்சினின் பக்கவாட்டுக் கவரோடு சேர்ந்தே வரும், அப்போது எஞ்சின் ஆயிலையும் இறக்க வேண்டும். போல்ட் எல்லாம் ஒரே நீளம் என்று நினைத்துவிடாதே. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எந்த இடமோ அங்கேயே குத்தி வை. நீளமான போல்ட்டைக் குட்டைப் போல்ட்டின் இடத்தில் முறுக்கி அலுமினிய மரையை உடைத்த பட்டறைகள் எத்தனை! கவர் வரவில்லை என்றால் நடுவில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பாதே. அந்த இடத்தில் விழும் ஒரு கீறல் நாளைக்கு ஒழுகும். மரச் சுத்தியலால் ஓரத்தில் தட்டு. பொறு. வரும்.

இம்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டை வெளியே எடுத்தாயா? நகத்தை அதன் மேல் ஓட்டிப் பார். ஆயில் சீலின் உதடு உட்கார்ந்திருந்த இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் ஷாஃப்டும் மாற வேண்டும், புதுச் சீல் மட்டும் போட்டால் மறுபடி ஒழுகும். பேரிங்கை ஆட்டிப் பார். ஷாஃப்ட் ஆடினால் எந்தச் சீலும் நிற்காது. பொருள் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ சொல்லிவிடு. பஸ் பார்சலில் வந்துவிடும். வரும்வரை வண்டி நிற்கட்டும். “அவசரம்” என்று ஓனர் கத்தினால் பள்ளத்தைக் காட்டு. அவர் நகத்தையும் ஓட்டிப் பார்க்கச் சொல். புரியாத ஓனர் அபூர்வம்.

பழைய சீலைப் பின்பக்கமிருந்து தட்டி எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைத் துடை. இன்னொரு தடவை துடை. படிந்திருக்கும் வெள்ளை உப்பைப் பார்த்தாயா? யாரோ ஒரு புண்ணியவான் கூலன்டுக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். பாறை மண் மாவட்டம் நம்முடையது, தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது கொதிக்கக் கொதிக்கப் படிந்து சீலின் முகத்தை அரம் போட்டுவிடும்.

இனிமேல் வருவதுதான் மொத்த வேலையின் உயிர். நிதானமாகப் படி. முதலில் ஆயில் சீல். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் ஒரு துளி ஆயில் தடவு. பிறகு மெக்கானிக்கல் சீல். அதன் கார்பன் முகத்தில் விரல் படக் கூடாது, கிரீஸ் படக் கூடாது, தூசி படக் கூடாது. வெளி விளிம்பை மட்டும் தொடும் அளவில் ஒரு சாக்கெட்டைத் தேர்ந்தெடு. அதை வைத்து நேராக, ஒரே சீராக அழுத்து. பிரஸ் இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் வைஸில் வைத்து மெல்ல இறுக்கு. ஒரு பக்கம் சாய்ந்து இறங்கினால் நிறுத்து. சாய்ந்த சீலை அடித்து நேராக்க முடியாது. நடு ஸ்பிரிங்கில் அழுத்தம் விழுந்தால் அந்தச் சீல் அங்கேயே முடிந்தது. செராமிக் வளையத்தை இம்பெல்லரில் பொருத்தும்போது அதன் ரப்பரைக் கூலன்டில் நனைத்துப் பொருத்து.

இதை அவசரமாகச் செய்யவே முடியாது. மூச்சு சீராக இருக்க வேண்டும், கண் ஓரிடத்தில் நிற்க வேண்டும். இந்த ஊருக்கு இது புதிதா? 1896ல் 16 வயதில் இங்கே வந்து சேர்ந்த ரமண மகரிஷியைப் பார்க்க உலகமே வந்தது. அவரோ விடிவதற்கு முன்பே எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார். இலை தைத்தார். தேங்காய் ஓட்டைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிக் கிண்ணம் செய்தார். முள்மரக் கிளையைச் செதுக்கி, சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகேற்றிய கைத்தடியை ஆடு மேய்க்கும் பையனிடம் கொடுத்துவிட்டார். கை வேலை தாழ்ந்தது என்று உன்னிடம் எவனாவது சொன்னால் இதைச் சொல். கிரீஸ் படிந்த உன் கையைப் பார்த்து நீயே கூச்சப்பட்டால், உனக்கும் இதையே சொல்லிக்கொள்.

தங்கைகளே, உங்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறேன். பட்டறைக்குள் பெண் வரக்கூடாது என்று எந்தப் போல்ட்டின் தலையிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு சீலை நேராக உட்கார வைக்க முரட்டுப் பலம் வேண்டியதில்லை. பொறுமையும் கூர்ந்த கண்ணும் வேண்டும்.

கவரை மூடும்போது புதுப் பேக்கிங் போடு. பழசு நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசு சொல்லும், கேட்காதே. அந்தச் சின்னத் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய். அது திறந்திருக்க வேண்டும்! போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கு. இந்தக் கவர்களில் வரும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் போதும், மேனுவலில் இருக்கும் அளவைப் பார்த்துக்கொள். முழு பலத்தோடு முறுக்குவது பயத்தின் அடையாளம். டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கு. முதல் சம்பாத்தியத்தில் போன் கவர் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்கு.

“இத்தனையும் செய்தும் மறுபடி ஒழுகினால்?” என்று கேட்கிறாயா? ஒழுகட்டும்! மறுபடி பிரி. நியூஸிலாந்தில் இன்வர்கார்கில் என்ற ஊரில் பர்ட் மன்ரோ என்று ஒரு மனிதர் இருந்தார். 1920ல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் பைக்கைத் தன் கொட்டகையில் வைத்துப் பல பத்தாண்டுகள் செப்பனிட்டார். பிஸ்டன்களைத் தானே வார்த்தார். வெடித்தன, உடைந்தன. உடைந்தவற்றைத் தூக்கி எறியாமல் அலமாரியில் அடுக்கி, வேகத்தின் தெய்வத்துக்குக் காணிக்கை என்று எழுதி வைத்தார். 1967ல், 68 வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புத் தரையில் அதே பழைய பைக்கில் உலக சாதனை படைத்தார். உன் பட்டறைச் சுவரிலும் ஓர் ஆணி அடி. கெட்டுப்போன சீல்களை அதில் மாட்டு. எது எதனால் போனது என்று பக்கத்தில் எழுது. ஒரு வருடத்தில் அந்தச் சுவர் உனக்குச் சொல்லித் தருவதை வேறு எவராலும் சொல்லித் தர முடியாது.

இன்னும் முடியவில்லை. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கூலன்டை ஊற்றியதும் வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே காற்று மாட்டியிருக்கும். காற்று நிற்கும் இடத்தில் கூலன்ட் ஓடாது. சித்திரை வெயிலில், பௌர்ணமிக் கூட்டத்தில், கோயிலைச் சுற்றி வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, அல்லது போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஜவ்வாது மலை ஏறும்போது அந்தக் காற்று உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மூடியைத் திறந்து வைத்தபடியே, ஆறிய நிலையிலிருந்து எஞ்சினை ஓட விடு. ரப்பர் ஹோஸை மெல்லப் பிசைந்து கொடு. குமிழ் குமிழாக வரும். அளவு இறங்கும், ஊற்று. காற்று எடுக்கத் தனிப் போல்ட் இருந்தால் அதைத் தளர்த்தி எடு. தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், மறுபடி ஊற்று. குமிழ் நின்ற பிறகு மூடியைப் போடு. ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும்வரை காத்திரு. அது சுற்றும் சத்தத்தைக் கேட்கும்போது உன் நெஞ்சு விம்மும், விம்மட்டும்! முழுசாக ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவே அளவு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நடை ஓட்டிவிட்டு வா. வந்ததும் டார்ச் அடித்துப் பம்பின் அடியில் பார். ஆயில் வெளுத்திருந்த வண்டி என்றால் புது ஆயிலையும் ஒரு தடவை கொஞ்ச தூரம் ஓட்டி இறக்கிவிட்டு, மறுபடி புதுசு ஊற்று.

கடைசியாகக் கூலி. இங்கேதான் நம் பிள்ளைகள் குரல் உள்ளே போய்விடுகிறது. “பார்த்துக் குடுங்கண்ணே” என்கிறார்கள். ஏன் பார்த்துக் கொடுக்க வேண்டும்? நீ பிரித்தாய், பார்த்தாய், சரியான பொருளுக்காகக் காத்திருந்தாய், காற்றை எடுத்தாய், ஓட்டிச் சோதித்தாய். தொகையைச் சொல். ஓனரின் முகத்தைப் பார்த்துச் சொல். பழைய சீலை அவர் கையில் கொடு, எந்த முகம் தேய்ந்தது என்று காட்டு. ஒரு சீட்டை எடுத்து, வாட்டர் பம்ப் சீல், ஆயில் சீல், பேக்கிங், கூலன்ட் என்று வரி வரியாக எழுது. தேதி போடு, கிலோமீட்டர் போடு. அடுத்த முறை கூலன்ட் எப்போது மாற்ற வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்து அடியில் எழுது. அதன் கீழே உன் பெயரைத் தமிழில், பெரிய எழுத்தில், கையெழுத்தாகப் போடு.